கற்பிட்டிக் கரை முதல் கணினி வலை வரை: சான்றிதழின் வரலாறு

புத்தளக் கரையோரத்தின் வரலாற்றை வாணிப வரலாறாகக் காண்போர் பலர். அதனை நம்பிக்கையின் வரலாறாகவும் காணலாம். கடல்வழி வந்தவன் தன்னை இன்னான் என்று கூறுவது மெய்யோ பொய்யோ என்பதே கரையிலிருந்தோரின் முதல் வினா.

1344 ஆம் ஆண்டில் இபன் பதூதா ‘பத்தாளா’ என்னுமிடத்தில் இறங்கினார். அது புத்தளமே என்பது அறிஞர் கருத்து. யாரென வினவியோரிடம், தாம் மாபார்ச் சுல்தானின் சகலன் என்றார். சுல்தானோடு நட்புப் பூண்டிருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். இருவரும் அறிந்த மூன்றாமவரின் பெயரே அங்குச் சான்றாயிற்று. ஆயினும் அது வாய்மொழிச் சான்று மட்டுமே.

பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் ‘கர்த்தாஸ்’ என்னும் கடவுச்சீட்டை வழங்கினர். கப்பலையும் தலைவனையும் பயணத்தையும் குறித்து அதிகாரியின் ஒப்பம் பெற்ற சீட்டு அது. அஃதில்லாக் கலங்கள் கைப்பற்றப்பட்டன. ஒல்லாந்தரும் இம்முறையைக் கையாண்டனர். கண்டியின் வெளிவாணிபத்தை அடக்கியாள அவர்கள் கற்பிட்டியிற் கோட்டை எழுப்பினர் (1667-1676). சான்றுக்குப் பின்னால் பீரங்கி நின்றது.

நம் காலத்தில் இச்சான்று கணித வடிவம் பெற்றது. 1976 இல் டிஃபியும் ஹெல்மனும் பகிரங்கத் திறவி முறையை வெளியிட்டனர். 1978 இல் கோன்ஃபெல்டர், ஒருவரின் பெயரையும் திறவியையும் பிணைத்து நம்பகமான ஒருவர் ஒப்பமிடும் சான்றிதழை முன்மொழிந்தார். 1988 இல் எக்ஸ்.509 என்னும் நியமம் வெளிவந்தது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பளித்தது.

இதன் பயனை அலுவலக அச்சுப்பொறியிற் காணலாம். சம்பளப் பட்டியலும் வினாத்தாளும் வலையின் வழியே அதனைச் சென்றடைகின்றன. இடையிலொருவன் அச்சுப்பொறியாக நடித்து அவற்றைக் கவரக்கூடும். எனவே கணினி முதலில் சான்றிதழிலுள்ள பெயர், காலவெல்லை, வழங்கியோர் ஒப்பம் ஆகியவற்றை ஆராய்கிறது; அதன் பின்னரே மறைகுறியிட்ட தொடர்பு தொடங்குகிறது. அச்சுப்பொறியின் இரகசியத் திறவி அதனை விட்டு வெளியேறுவதில்லை.

எனினும் ஆலையிலிருந்து வரும் பொறிகள் பல தமக்குத்தாமே ஒப்பமிட்ட சான்றிதழையே ஏந்தி வருகின்றன. அதன் பொருட்டுக் கணினி எழுப்பும் எச்சரிக்கையை ஆராயாது ‘தொடர்க’ என்று அழுத்துவோர், வந்தவன் சொல்லை அப்படியே ஏற்றவராவர். அலுவலகம் தானே ஒரு சான்றளிக்கும் அதிகாரத்தை அமைத்து, அதன் ஒப்பம் பெற்ற சான்றிதழைப் பொறியில் நிறுவுதலே தக்கது.

பீரங்கியின் துணையின்றி எவரும் சரிபார்க்கத்தக்க சான்று இன்று கைவந்துள்ளது. ஆயினும் யாருடைய ஒப்பத்தை நம்புவது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. அத்தீர்மானம் இன்றும் மனிதருக்கே உரியது.