படகின் பெயரும் பதிவு எண்ணும்

மரக்காணம் பக்கத்தில் இருக்கும் அனுமந்தையை ஒட்டிய மீனவக் குப்பங்களில் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் பக்கவாட்டில் இரண்டு வகை எழுத்து இருக்கும். ஒன்று பதிவு எண். ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் அந்த வரிசை, தூரத்தில் வரும் ரோந்துப் படகிலிருந்து பார்த்தாலும் படிக்கும்படி கட்டைக் கட்டையாக இருக்க வேண்டும். மற்றொன்று படகின் பெயர். குலசாமியோ, மாதாவோ, வீட்டுப் பெண்பிள்ளையோ, யார் பெயராக இருந்தாலும் அதில் எழுதியவரின் கை தெரியும். தூரிகை அழுந்திய இடம் பருத்திருக்கும். தூக்கிய இடம் மெலிந்து முடிந்திருக்கும்.

டிஜிட்டல் டிசைன் கற்றுக்கொள்ள மவுஸ் போதுமா, பென் டேப்லட் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் படகைத்தான் காட்டத் தோன்றுகிறது. பதிவு எண் மவுஸின் வேலை. பெயர் பேனாவின் வேலை. கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால் மரக்காணம், திண்டிவனம், புதுச்சேரி என்று ஃபிளெக்ஸ் கடையிலும் அச்சகத்திலும் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சில ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை. தவறான கருவியோடு போராடிவிட்டுத் தனக்கு வரையவே வராது என்று முடிவுகட்டுவது அதைவிடப் பெரிய இழப்பு.

இரண்டும் கையின் அசைவைக் கணினிக்குச் சொல்பவைதான். சொல்லும் விதம் வேறு. மவுஸ் தான் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தேன் என்பதை மட்டும் சொல்கிறது. அதனால்தான் அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் திரையில் அம்பு அசையாமல் நிற்கிறது. டேப்லட் அப்படியில்லை. அதன் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளிக்கு உரியது. பேனாவை இடது மேல் மூலையில் வைத்தால் அம்பும் அங்கே போய் நிற்கும். கூடவே, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் அது சொல்லும். மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. பொத்தான் அமுங்கியதா இல்லையா, அவ்வளவே.

வாக்கம் போன்ற டேப்லட் நிறுவனங்களின் பேனாவில் பேட்டரிகூட இருக்காது. டேப்லட் பலகைக்குள் இருக்கும் கம்பிவலை மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. முனை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுந்துகிறது என்பதெல்லாம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். பெட்டியின் மேல் 4096 அழுத்த நிலை, 8192 அழுத்த நிலை என்று போட்டிருப்பதைப் பார்த்து விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது.

மவுஸ்தான் பழசு, பேனா புதுசு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். இவான் சதர்லேண்ட் திரையின்மேல் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டியது 1963-இல். அடுத்த ஆண்டே ராண்ட் நிறுவனத்தின் டேப்லட் வந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட்டுக்காக பில் இங்கிலிஷ் மரப்பெட்டியில் முதல் மவுஸைச் செய்ததும் அதே 1964-ஐ ஒட்டித்தான். விலை மலிவாலும், எழுத்து வேலைக்கும் கோப்பு வேலைக்கும் ஒத்துப்போனதாலும் மவுஸ் எல்லா மேசைக்கும் வந்தது. பேனா ஓவியர்களோடும் பொறியாளர்களோடும் தங்கிவிட்டது. வரைவதில் தோற்றுப்போய்ப் பேனா பின்தங்கவில்லை.

எது வேகம் என்பதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மெக்கென்சி, செல்லென், பக்ஸ்டன் மூவரும் 1991-இல் மவுஸ், டேப்லட் பேனா, டிராக்பால் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். ஓரிடத்தைச் சுட்டுவதிலும் ஒன்றைப் பிடித்து இழுப்பதிலும் மவுஸும் பேனாவும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஒட்டி வந்தன. டிராக்பால்தான் வெகுவாகப் பின்தங்கியது. ஆக, மெனுவைத் திறக்கவும் படத்தை நகர்த்தவும் பேனா வாங்க வேண்டிய தேவை இல்லை. வேகத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் தவறான இடத்தில் அளக்கிறார்கள் என்பேன். வித்தியாசம் கோட்டில் இருக்கிறது.

ஒரு படகின் பெயர் ‘தமிழரசி’ என்று வைத்துக்கொள்வோம். அதில் ழகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வழியிலும் எழுதிப் பார்க்கலாம்.

மவுஸ் வழி இது. தாளில் எழுதிய ழகரத்தைப் படமெடுத்து, இங்க்ஸ்கேப், கோரல் டிரா போன்ற மென்பொருளில் அடியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அதன்மேல் எழுத்தின் வெளிவிளிம்பில் புள்ளிகளை வைக்கிறோம். வளைவின் உச்சி எங்கே, அடிமட்டம் எங்கே, மிக இடப்பக்கம் போன இடம் எது, வலப்பக்கம் போன இடம் எது, அங்கெல்லாம் ஒவ்வொரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு கைப்பிடிகள் முளைக்கும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அவற்றைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இழுத்தால் வளைவு தானாக நிரம்பும். ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியே 1960-களில் காரின் உடம்பை வடிவமைக்கப் பயன்படுத்திய அதே வளைவு இது. புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேலை சட்டென்று பிடிபடும்: கோடு போகும் வழியை முதலில் புள்ளிதான் தீர்மானிக்கிறது. கை நடுங்கினாலும் கவலையில்லை. புள்ளி வைத்த பிறகு அம்புக்குறி விசையால் மயிரிழை அளவு தள்ளித் திருத்தலாம். ஆனால் இப்படிச் செய்யும்போது நாம் ழகரத்தை எழுதவில்லை. எழுதி முடித்த ழகரத்தைப் புரிந்துகொள்கிறோம்.

பேனா வழியில் புள்ளி கிடையாது. கிரிட்டா போன்ற ஓவிய மென்பொருளைத் திறந்து, தூரிகை ஒன்றைத் தேர்ந்து, ஒரே மூச்சில் எழுத வேண்டும். கீழே சுழித்து இறங்கும் அந்த வாலின் தொடக்கத்தில் அழுத்தி, வளைவில் மெல்லத் தளர்த்தி, நுனியில் கையைத் தூக்கினால் பருமன் தானே மாறும். மவுஸில் அந்தப் பருமனை இரண்டு விளிம்புகளாகத் தனித்தனியே கட்ட வேண்டியிருந்தது. இங்கே அது கையின் எடையிலிருந்தே வந்துவிடுகிறது. தொடக்கத்தில் தடுமாற்றம் நிச்சயம். கை மேசைமேல் இருக்கும், கண் திரைமேல் இருக்கும். இந்தப் பிரிவு பழகச் சில வாரங்கள் பிடிக்கும். பலகையின் நீள அகல விகிதம் திரையின் விகிதத்தோடு பொருந்தாவிட்டால் வட்டம் வரைந்தால் முட்டை வரும். அமைப்பில் விகிதத்தைப் பூட்டிக்கொண்டால் அது சரியாகிவிடும். இது தெரியாமல் கையைக் குறைசொல்லிப் பலகையைப் பரணில் போட்டவர்கள் உண்டு.

இதோடு முடிந்துவிடவில்லை. பேனாவால் எழுதிய தமிழரசியை ஸ்டிக்கராகவோ ஸ்டென்சிலாகவோ வெட்டக் கொடுத்தால் உண்மையான சிக்கல் அங்கேதான் தெரியும். வெட்டும் இயந்திரம் நிறத்தைப் பார்ப்பதில்லை, விளிம்புக் கோட்டைத்தான் பின்தொடர்கிறது. பேனாக் கோட்டை மென்பொருள் தானாகவே விளிம்பாக மாற்றும்போது ஒரு சின்ன வளைவுக்குள் புள்ளிகள் ஈசல்போல மொய்க்கும். கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கும். விளிம்பு சிராய்த்துப் போகும். ஆகவே தேவையில்லாத புள்ளிகளை நீக்கி, நாலைந்து நல்ல புள்ளிகளில் அந்த வளைவை நிற்கவைக்க வேண்டும். அந்த வேலைக்குக் கை மறுபடியும் மவுஸுக்குத்தான் போகிறது. எழுத்துரு செய்பவர்களின் வேலையிலும் இதே இரண்டு கட்டம் உண்டு. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவனார்’ எழுத்துரு கையெழுத்தின் சாய்வோடு இருக்கிறது. ஆனால் கணினிக்குள் அதன் ஒவ்வொரு எழுத்தும் புள்ளிகளாலும் வளைவுகளாலும் ஆன விளிம்புதான். கையின் உயிரை இழக்காமல் புள்ளிகளைக் குறைப்பதைத்தான் நான் டிசைனரின் தேர்ச்சி என்று மதிக்கிறேன்.

மவுஸால் ஓவியமே ஆகாது என்று சொல்பவர்களையும் நான் ஒப்பமாட்டேன். முதல் மெக்கின்டாஷ் கணினியின் திரைச் சின்னங்களை சூசன் கேர் கட்டம்போட்ட தாளில் திட்டமிட்டு, மவுஸால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். அமெரிக்காவில் ஹால் லாஸ்கோ என்ற முதியவர் எழுத்து வடிவமைப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். பார்வை மங்கிய பிறகு எம்.எஸ். பெயின்ட்டில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மவுஸால் புள்ளி புள்ளியாக ஓவியம் தீட்டினார். 98 வயதில், 2014-இல் இறக்கும்வரை அவரை ஓவியராகவே வைத்திருந்தது அந்த மவுஸ்தான். இவர்கள் இருவரும் மவுஸைப் பேனாவாக்க முயலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு வரும் வேலையை அதற்குக் கொடுத்தார்கள். மறுபக்கம், தமிழ் இதழ் ஓவியர்களில் கணினியை முன்னதாகவே கையில் எடுத்த டிராட்ஸ்கி மருது போன்றவரின் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டின் வேகத்தைப் புள்ளி வைத்துக் கட்ட முடியாது.

மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் இருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றில் உப்பும் ஈரமும் இருக்கும் ஊரில் மின்கருவிகளின் உலோகத் தொடுமுனைகள் சீக்கிரம் கறுத்துவிடும். மவுஸின் பொத்தானுக்குள் இருக்கும் சிறு சுவிட்சில் இது நடந்தால் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகப் பதிவாகும். புள்ளி வைக்கும் வேலையில் இதைவிடத் தொல்லை வேறில்லை. மவுஸ் சில நூறு ரூபாய், மாற்றிவிடலாம். டேப்லட்டுக்கு எதிரி மணல். கடற்கரை மணல் ஒரு துகள் பேனா முனைக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கினால் போதும், பரப்பில் கீறல் விழும், முனையும் தேயும். வேலை தொடங்குமுன் உலர்ந்த துணியால் துடைப்பதும், முடித்ததும் மூடி வைப்பதும் அங்கே கட்டாயம். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்துப் பலகையில் ஒட்டும். அதற்குத்தான் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை விற்கிறார்கள். பழைய பருத்தித் துணியைக் கைக்கடியில் போட்டுக்கொண்டாலும் அதே பலன்தான்.

இனி, யாருக்கு எது? உப்புப் பொட்டல லேபிள், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கடைப்பலகை, இவைதான் வேலை என்றால் மவுஸே போதும். மிச்சமாகும் பணத்தில் பெரிய திரையோ கூடுதல் ரேமோ வாங்கலாம். பெசியே வளைவை நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை எந்த அச்சகத்திலும் பிழைத்துக்கொள்ளும். ஃபோனில் விரலால் தேய்த்து மட்டும் பழகிய பிள்ளையும் மவுஸில் தொடங்கினால் நல்லது, வடிவத்தை நிதானமாகப் பார்க்க அது கற்றுக்கொடுக்கும்.

ஆனால் படகுக்குப் பெயர் எழுதும் தூரிகைக்காரர் கணினிக்கு வந்தால் அவரிடம் மவுஸைக் கொடுக்காதீர்கள். வருஷக்கணக்காகக் கையில் சேர்த்த அழுத்தமும் வேகமும் அதில் ஒரு சல்லிக்காசுக்கு ஆகாது. அவருக்கு முதல் நாளே பேனாதான் வேண்டும். புள்ளி திருத்தும் வேலையை வீட்டில் மவுஸ் தெரிந்த பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். புதுச்சேரி அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடம் போன்ற ஓவியக் கல்லூரிக்குப் போகிற, தாளில் ஏற்கெனவே வரையத் தெரிந்த மாணவருக்கும் இதையே சொல்வேன்.

பேனா என்று முடிவானால் திரையில்லாத சிறிய பலகையே போதும். படத்தைத் தன்மேலேயே காட்டும் டேப்லட் பல மடங்கு விலை. படிக்கிற காலத்தில் அது தேவைப்படாது. ஆண்ட்ராய்டு ஃபோனோடு இணையும் மாதிரியா என்று கேட்டு வாங்குங்கள். லேப்டாப் இல்லாத வீட்டிலும், மழைக்காலத்தில் கரன்ட் போன இரவிலும் ஓ.டி.ஜி. இணைப்பில் ஃபோனை வைத்தே வரையலாம். மாற்று முனைகள் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.