பழவேற்காட்டு ஜன்னல்: வளைந்த மரமும் ஓர் ஆவணம்தான்

பழவேற்காடு என்றதும் நம்மாட்கள் நேராக டச்சுக் கல்லறைக்குத்தான் போவார்கள். தப்பில்லை. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய இடத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் கல்லறை, செத்தவர்களின் வரலாறு. வாழ்ந்தவர்களின் வரலாறு பழைய வீடுகளின் ஜன்னல் நிலைகளில் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல். காலதர், பலகணி, சாளரம் என்று நம்மிடம் ஏற்கெனவே சொற்கள் உண்டு. காலதர் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது; கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இருந்தும் இன்று வாயில் வருவது 'ஜன்னல்'. அது போர்ச்சுகீசியரின் 'ஜனேலா'. அலமாரி, சாவி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்த சரக்குதான். பழவேற்காட்டில் போர்ச்சுகீசியர்களுக்குப் பின் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கோட்டை வெறும் மண்மேடு.

சரி, இங்கே மரம் ஏன் இப்படி வளைகிறது? தேக்கு உலரும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, குறுக்குத் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதோடு பெயிண்ட் கணக்கும் சேர்கிறது. நிலையைச் சுற்றி அடிக்கும் பட்டியில் வெளிப்பக்கம் பெயிண்ட் இருக்கும், சுவரை ஒட்டிய முதுகு வெறுமனே இருக்கும். முதுகு ஈரம் குடித்து உப்பும், முகம் அப்படியே நிற்கும், பட்டி வளைந்துவிடும். ஏரிக்காற்றின் உப்பு வேறு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே தண்ணீரை இழுக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளக்கும். பழைய ஆசாரிகள் துளையும் கழுந்துமாகப் பூட்டி மரமுளை அடித்தது சும்மா இல்லை.

பலர் செய்வது என்ன? மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு அலுமினியம் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவசரம். பெரும்பாலும் மட்கியிருப்பது அடிப்பகுதி மட்டும்தான். அதைச் சாய்வாக வெட்டி, பழைய தேக்கையே ஒட்டுப் போடலாம். வளைந்த பட்டியைக் கழற்றி, நிழலில் மெதுவாக உலர்த்தி, முதுகிலும் பெயிண்ட் பூசி, பித்தளை ஸ்க்ரூவில் மாட்டலாம். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் மட்டும் இவ்வளவும் வீண். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்துக்குத்தான் வரும்.

நிலையைத் தூக்கிப் போட்டால் போவது மரம் மட்டுமில்லை. அறுத்த தடத்தைப் பாருங்கள்: கைவாள் நேர்கோடு விடும், வட்டவாள் வளைகோடு விடும். வளைகோடு தெரிந்தால் இயந்திரக் காலத்து மரம் என்று ஊகிக்கலாம். முளைத்துளை, மாற்றிய கீல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பெயிண்ட் எல்லாமே ஒவ்வொரு வெர்ஷன். பேக்கப் கிடையாது.

கல்லறைக்குத் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. ஜன்னலுக்கு வீட்டுக்காரர்தான். பழவேற்காட்டிலோ வேறு கடலோர ஊரிலோ பழைய வீடு வைத்திருக்கிறீர்களா? ஆசாரியைக் கூப்பிடும் முன் நிலையின் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அளவும் குறித்து வையுங்கள். அப்புறம் மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.