கடற்கொள்ளையர் என்னும் பெயர்: குஞ்ஞாலி மரைக்காயர் வரலாறு தரும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.

ஏலகிரி மலையடிவாரத்தில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோல் கப்பலேறித்தான் அயல்நாடு செல்கிறது. கடல் வழியின் அமைதியில் நம் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. எனவே அவ்வழியில் நடந்த ஒரு வரலாற்றையும், அதனுள் மறைந்திருக்கும் ஒரு சொல்லின் கதையையும் இங்கே காண்போம்.

கடலில் கொள்ளையிடுவோனைக் குறிக்கும் ‘பைரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. முயலுதல், தாக்கிப் பார்த்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து பிறந்த அச்சொல் இலத்தீனில் ‘பிராத்தா’ ஆயிற்று. இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் ஆகிய மூன்றும் அச்சொல்லை எழுத்து மாறாமல் ஏற்றன. பிரெஞ்சு ‘பிராத்’ என்றது. ரோமானியர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே, முசிறித் துறைமுகத்தின் அருகே கொள்ளையர் தொல்லை உண்டென்று எழுதியபோது, அச்சொல் நம் மேற்குக் கடற்கரையின் மீது பதிந்துவிட்டது.

இலத்தீனில் ஓட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வேறொரு பெயரும் பிறந்தது. இத்தாலியர் ‘கோர்ஸாரோ’ என்றும், பிரெஞ்சுக்காரர் ‘கோர்ஸேர்’ என்றும், போர்த்துக்கீசியர் ‘கொர்ஸாரியு’ என்றும் அதனை வழங்கினர். அரபு மொழியில் இன்று வழங்கும் ‘குர்ஸான்’ என்னும் சொல்லும் இவ்வழியில் வந்த இரவல் சொல்லே. நம் பகுதியில் உர்தூ பேசுவோர் கூறும் ‘பஹ்ரீ கஸ்ஸாக்’ துருக்கிய மூலத்தைக் கொண்டது.

இவ்விரு பெயர்களுக்கும் இடையே ஐரோப்பியர் ஒரு வேறுபாட்டை வகுத்தனர். அரசனின் அனுமதிப் பத்திரம் பெற்று எதிரியின் கப்பலைப் பறிப்பவன் கோர்ஸேர். பத்திரமின்றிப் பறிப்பவன் பைரேட். பறிகொடுத்த வணிகனுக்கோ இழப்பு ஒன்றுதான். ஒருவனுக்குப் பதவியும் மற்றவனுக்குத் தூக்குக் கயிறும் கிடைத்தன!

இப்போது மலபாருக்கு வருவோம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து சேர்ந்தார். 1502இல் மீண்டும் வந்தபோது, ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பயணிகளின் கப்பலொன்றைப் பெண்களும் குழந்தைகளும் இருக்கவே தீக்கிரையாக்கினார். அக்கப்பற்படையோடு வந்த தோமே லோப்பஸ் என்னும் போர்த்துக்கீசியரே இதனை எழுதிவைத்துள்ளார். பின்னர்ப் போர்த்துக்கீசியர் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு முறையைப் புகுத்தினர். காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்பர். அச்சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல் செய்யப்பட்டது. பன்னூறு ஆண்டுகளாக எவரும் தடையின்றிச் சென்ற கடலில் இந்நிலை ஏற்பட்டது.

இதனை எதிர்த்து நின்றவர்கள், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள். அப்பட்டத்தை நால்வர் அடுத்தடுத்துத் தாங்கினர். போராட்டம் மலபாரோடு நிற்கவில்லை. 1538இல் நம் தமிழகத்தின் இராமநாதபுரக் கடற்கரையில், வேதாளையிலும் மரைக்காயர் படை போர்த்துக்கீசியரிடம் போரிட்டுத் தோற்றது. பொன்னானியின் பேரறிஞர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலில் பறங்கியரின் கொடுமைகளைப் பதிவு செய்தார்கள். போர்த்துக்கீசியரின் ஏடுகளிலோ மரைக்காயர்கள் கொள்ளையராகவே குறிக்கப்பட்டனர்.

இறுதியில் சாமூதிரிக்கும் நான்காம் குஞ்ஞாலிக்கும் பகை மூண்டது. சாமூதிரி போர்த்துக்கீசியரோடு கைகோத்தார். 1600இல் கோட்டை வீழ்ந்தது. சரணடைந்த குஞ்ஞாலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். காலம் சுழன்றது. மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளமொன்று இன்று ‘ஐ.என்.எஸ். குஞ்ஞாலி’ என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ஒரு நாட்டார் கொள்ளையன் என்றவரை மற்றொரு நாட்டார் வீரர் என்கின்றனர்.

அப்படியாயின் மரைக்காயர்களின் செயல் ஒவ்வொன்றும் நியாயமானதா? அவ்வாறு நாம் கூறவில்லை. குற்றமற்ற வணிகனின் பொருளைப் பறித்தவன் எவனாயினும் அது அநீதியே. முஸ்லிம் என்னும் பெயர் அதற்குக் கேடயமாகாது. பெயரை வைத்தன்று, செயலை வைத்தே தீர்ப்பு வழங்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இதற்குத் திருக்குர்ஆனில் தெளிவான வழிகாட்டுதல் உண்டு. ஸூரத்துல் கஹ்ஃபில் மூஸா (அலை), களிர் (அலை) ஆகியோரின் வரலாற்றை நாம் வெள்ளிதோறும் ஓதுகின்றோம். கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் மரக்கலத்தைக் களிர் (அலை) அவர்கள் பழுதாக்கினார்கள். கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அவர்களுக்கு அப்பால் இருந்தான் என்பதே காரணம். அவ்வரசனின் செயலை அல்லாஹ் (18:79) ‘கஸ்ப்’ என்கின்றான், அதாவது அபகரிப்பு. தலையில் மகுடம் இருப்பதால் அது வரியாகவோ சட்டமாகவோ ஆகிவிடவில்லை!

சகோதரர்களே! பெயர் சூட்டுவது வல்லமை உடையோரின் ஆயுதம். அது பறங்கியரோடு முடிந்துவிடவில்லை. ஜமாஅத்தில் கணக்குக் கேட்பவரைக் ‘குழப்பவாதி’ என்றும், பொறுப்பேற்று உழைப்பவரைப் ‘பதவிப் பித்தர்’ என்றும் விசாரிக்காமலே அழைத்து விடுகின்றோமே, அது என்ன நீதி? ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறும், பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்த வேண்டாமென்றும் ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. நம் பிள்ளைகள் வரலாற்று நூலில் ‘கொள்ளையன்’ என்று படிக்கும்போது, அப்பெயரை இட்டவர் யார், அவர் செய்தது என்ன என்று கேட்கப் பழக்குவோம். பிறரைப் பெயரிட்டு அழைக்குமுன் நாமும் அவ்வாறே கேட்டுக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் நாவையும் நீதியையும் நேர்மையில் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.