உங்களுக்கு எந்த ஊர்?

ரயில் சிநேகமோ கல்யாணப் பந்தியோ, நம்மவர்கள் முதலில் கேட்பது "உங்களுக்கு எந்த ஊர்?" என்றுதான். வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்வியால் ஒரு வியாதியே பிடிபட்டிருக்கிறது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் தோல் துணுக்குகளைச் சாயமேற்றிக் கொடுத்தவன் என்பதால் எனக்குப் பிடித்த கதை இது.

லிம்போமா என்பது நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய். சிலருக்கு அது தோலில்தான் முதலில் தெரியும். 1806-இல் பாரிஸில் அலிபெர் என்ற டாக்டர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கட்டிகள் காளான் போல இருந்ததால் 'மைக்கோஸிஸ் ஃபங்காய்டிஸ்' என்று பெயர் வந்தது. காளானுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது! 1938-இல் செஸாரி என்ற இன்னொரு பிரெஞ்சு டாக்டர், உடம்பெல்லாம் சிவந்து, ரத்தத்திலும் விகார அணுக்கள் ஓடும் வகையை விவரித்தார். ஆக, பாடமெல்லாம் ஐரோப்பியத் தோலைப் பார்த்து எழுதியது.

1970-களில் ஜப்பானின் கியோட்டோ நகரில் டாக்டர் தகாட்சுகியும் அவர் குழுவினரும் சில ரத்தப் புற்று நோயாளிகளைப் பார்த்தார்கள். பலருக்குத் தோலிலும் தடிப்புகள். பழைய பெயர் எதிலும் சரியாக அடங்கவில்லை. பிறந்த ஊரைப் பார்த்தால், பெரும்பாலோர் தென்மேற்கே உள்ள கியூஷு தீவுக்காரர்கள்! 1977-இல் அதைத் தனி நோய் என்று அறிவித்தார்கள். காரணம் எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸ் என்று சில வருஷங்களில் தெரிந்தது. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போய், பல பத்தாண்டுகள் சும்மா இருந்து, மிகச் சிலருக்கு மட்டும் நோயாக வெடிக்கும். 1987-இல் நாகசாகியில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை தொடங்கி, வைரஸ் உள்ள தாய்மார்களுக்குப் புட்டிப்பால் யோசனை சொன்னார்கள். குழந்தைகளுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது.

1997-இல் ஐரோப்பியர்கள் தோல் லிம்போமாவுக்கென்று ஒரு வகைப்பாடு போட்டார்கள். அங்கே கணிசமாக உள்ள பி-செல் வகை கிழக்கு ஆசியாவில் குறைவு. இங்கே காணும் என்.கே/டி வகை அங்கே அபூர்வம். 2005-இல்தான் அதையும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலையும் இணைத்துப் பொதுவான ஒன்றை உண்டாக்கினார்கள்.

என் மேஜைக்கு வந்த படிவங்களில் தெருவும் கதவு எண்ணும் இருக்கும். பிறந்த ஊர் இருக்காது. நானும் கேட்டதில்லை. கியோட்டோவில் அப்படி விட்டிருந்தால்?

அடுத்த முறை டாக்டர் "எந்த ஊர்?" என்றால், இப்போதிருக்கும் விலாசத்தோடு நிறுத்தாமல் பிறந்த ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.