நாற்பத்தேழு துறைமுகங்கள்

1926 செப்டம்பர் 18 அன்று, நியூயார்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள ஹோபோக்கனிலிருந்து ‘ரைண்டாம்’ என்னும் டச்சுக் கப்பல் ஏறத்தாழ ஐந்நூறு அமெரிக்க மாணவர்களோடு உலகைச் சுற்றப் புறப்பட்டது. ‘மிதக்கும் பல்கலைக்கழகம்’ என்று அதற்குப் பெயர். நேரில் கண்டறிவதும் கல்வியே என்று நம்பிய ஜேம்ஸ் லஃப் என்ற பேராசிரியரின் கனவு அது. அவர் பணியாற்றிய நியூயார்க் பல்கலைக்கழகம் முதலில் ஆதரித்துவிட்டு, கப்பல் புறப்படுமுன்பே கைவிட்டது. குறைந்த கட்டணமே 2,500 டாலர் அளவில் இருந்தது. ஃபோர்டு மாடல் டி கார் 300 டாலருக்குள் கிடைத்த காலம் அது. ஒரு பிள்ளையின் பயணத்துக்கு எட்டுக் கார்களின் விலை!

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? கப்பலிலேயே வகுப்புகள் நடந்தன. கான்சாஸ் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹென்றி ஆலன் இதழியல் கற்பித்தார். சியாம் மன்னரையும் போப்பாண்டவரையும் முசோலினியையும்கூடச் சந்தித்தார்கள். ஆனால் ஊரில் பேசப்பட்டது வேறு. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பிலிருந்த காலமாதலால், மாணவர் சிலர் அயல்துறைமுகங்களில் குடித்துக் கூத்தடித்த செய்தி பத்திரிகைகளுக்கு விருந்தாயிற்று. 1927 மே மாதம் கப்பல் திரும்பியபின் திட்டம் தோல்வி என்றே முடிவுகட்டினர். லஃப் வேலையிழந்தார்.

இத்தீர்ப்பின் காரணம் நமக்கு உடன்பாடன்று. ஐந்நூறு இளைஞர் கூடிய இடத்தில் சிலர் குடிப்பதற்கு உலகைச் சுற்ற வேண்டியதில்லை. இப்பயணத்தை ஆராய்ந்து 2023இல் நூலெழுதிய டாம்சன் பீட்ச், அனுபவமா, துறைசார் புலமையா, எது பல்கலைக்கழகத்தின் அறிவு என்ற பூசலே இதன் அடியில் கிடந்தது என்கிறார். அது சரியாகவே படுகிறது. எனினும் நாம் சற்றே எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கிறோம். ஏழரை மாதம், 47 துறைமுகங்கள். கடலில் கழிந்த நாட்களையும் சேர்த்து வகுத்தால்கூட இடத்துக்கு ஐந்து நாள் தேறாது. மாலையானால் மீண்டும் தம் நாட்டவர், தம் மொழி. ஐந்நூறு பேராகச் செல்பவர்கள் ஊரையும் உடன் சுமந்தே செல்கிறார்கள்.

இதற்கு மூன்றாண்டு முன்பு, 1923 ஜூலையில், டெலவேர் பல்கலைக்கழகத்தின் எட்டு மாணவர்கள் ரேமண்ட் கிர்க்பிரைட் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியரோடு பிரான்சுக்குக் கப்பலேறினர். முதலில் நான்சி நகரில் மொழிப் பயிற்சி. பிறகு பாரிசில் சோர்போனில் படிப்பு. தங்கியது பிரெஞ்சுக் குடும்பங்களோடு. ஓராண்டு முழுவதும் ஒரே நாடு. பசித்தால் பிரெஞ்சில்தான் கேட்க வேண்டும். புரியாவிட்டால் விழிக்க வேண்டும். அந்த விழித்தலுக்குக் கொடுக்கும் பணத்தை நாம் வீண் என்று சொல்லமாட்டோம். எட்டுப் பேருக்கு முடிந்தது ஐந்நூறு பேருக்கு முடியுமா என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. டெலவேர் திட்டம் 1948இல் முடிவுற்றது. கப்பல் கல்வியோ 1963இல் மீண்டும் தொடங்கியது.

‘பத்து நாளில் ஐந்து நாடுகள்’ என்பது போன்ற விளம்பரத் தாளோடு வந்து, கடன் வாங்கியாவது அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோரிடம், ஆசிரியர்களாகிய நாம் முதலில் கேட்பது, எந்த ஊரில் எத்தனை இரவு தங்குவார்கள் என்பதைத்தான். அவர்கள் தாளைத் திருப்பித் திருப்பித் தேடுகிறார்கள்.