கூரைத் தூசியின் சரித்திரம்

ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரம் பீங்கானுக்குப் பேர் போனது. ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் வெர்மீர் பிறந்த ஊர் என்று அதைக் கொண்டாடுவார்கள். அந்த வெர்மீர் பிறந்த அதே 1632-ஆம் ஆண்டில், சில நாள் முன்பின்னாக அதே ஊரில் பிறந்து, துணிக்கடை வைத்துப் பிழைத்து, நகரசபையில் ஒரு சிறு உத்தியோகமும் பார்த்து, லத்தீன் முதலிய பண்டித பாஷைகள் எதுவும் அறியாமல், தாய்மொழியான டச்சு ஒன்றையே துணையாகக் கொண்டு தொண்ணூறு வயது வரை வாழ்ந்த அந்தோனி வான் லீவன்ஹூக் என்பவரின் வீட்டுக் கூரையிலிருந்துதான் நான் சொல்லப் புகும் சரித்திரம் தொடங்குகிறது.

நெசவின் நெருக்கத்தைப் பார்ப்பதற்குத் துணி வியாபாரிகள் கண்ணாடி வில்லை வைத்திருப்பது அந்நாளைய வழக்கம். லீவன்ஹூக்குக்கு அந்த வழக்கம் முற்றி ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. சிறு பித்தளைத் தகட்டின் நடுவே தாமே தேய்த்துப் பதித்த ஒற்றை வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லின் அழுக்கு, தவளையின் இரத்தம், குளத்து நீர் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அவர் பார்த்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிவதற்காக அதை நீரில் ஊறப்போட்டுப் பார்க்கப் போய், 1676-இல், காரத்தின் காரணத்தைக் காணாமல் அதுவரை மனிதக் கண் கண்டிராத பாக்டீரியாக்களைக் கண்டார். கண்டதையெல்லாம் லண்டன் ராயல் சொஸைட்டிக்குக் கடிதமாக எழுதினார். பண்டிதராக இல்லாததால் அவர் அடைந்த லாபம் ஒன்று உண்டு: எது இருக்க முடியும், எது இருக்க முடியாது என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கோடையில், கூரைச் சரிவின் அடியில் மழைநீரை வாங்கி வடிக்கும் ஈயப் பீலியில் தேங்கியிருந்த செந்நீரை அவர் எடுத்துப் பார்த்தபோது, தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வது போன்ற தோற்றமுடைய நுண்ணிய பிராணிகள் அதில் உலாவின. ரோட்டிஃபர் என்று பிற்காலத்தார் பெயரிட்ட இந்தச் சக்கரப் பிராணி, நீர் வற்ற வற்றத் தன் உடலைச் சுருக்கி உருண்டையாகி, கடைசியில் ஒரு மணல் துகளுக்கும் தனக்கும் வேற்றுமை தெரியாதபடி அடங்கிப் போவதை அவர் கவனித்தார். சாதாரண மனிதராக இருந்தால், செத்துவிட்டது என்று தகட்டைத் துடைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்.

செப்டம்பர் 3-ஆம் தேதி காலை ஏழு மணி சுமாருக்கு, எழுபதை நெருங்கிய அந்தக் கிழவர், பீலியிலிருந்து எடுத்துத் தம் அறையில் ஏறக்குறைய இரண்டு நாள் உலரவிட்டிருந்த வண்டலில் சிறிதை இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டு, காய்ச்சி ஆறவைத்த மழைநீரை அதன்மேல் ஊற்றினார். காய்ச்சின நீர் என்பதைக் கவனிக்க வேண்டும்; பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தால், பிராணிகள் நீரோடு வந்தவை என்று எவரும் சொல்லிவிடலாம் அல்லவா? ஒரு மணி நேரம் ஆவதற்குள், தூசியாகக் கிடந்த உருண்டைகள் நீண்டன, நெளிந்தன, சக்கரத்தை விரித்துச் சுழற்றின. பின்னர் அதே வண்டலைக் காகிதத்தில் மடித்துப் பல மாதங்கள் வைத்திருந்து நனைத்தபோதும் இவ்வாறே நடந்தது. ஆனால் இந்தக் காட்சியை முதன்முதல் கண்ட அவரே அதன் முழுப் பொருளையும் ஏற்கவில்லை. அந்தப் பிராணியின் தோல் மிகக் கெட்டியாக இருப்பதால் உள்ளே உள்ள ஈரம் வெளியேறுவதில்லை என்றும், ஆகவே அது உண்மையில் உலரவே இல்லை என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டார். முற்றிலும் உலர்ந்த ஒன்று உயிரோடு இருக்கும் என்று எண்ணுவது அத்தனை கடினமாக இருந்தது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. உயிர்த்தல் என்ற நம் சொல்லுக்கே மூச்சு விடுதல் என்றுதான் பொருள். பிராணன் என்ற வடசொல்லின் கதையும் அதுவே. மூச்சு, அசைவு, உணவு, வளர்ச்சி, இனப்பெருக்கம் என்று ஜீவனுக்கு நாம் அடுக்கும் லட்சணங்கள் அனைத்தும் ஏதோ ஒரு செயலைக் குறிப்பவை. செயல் ஒன்றும் இல்லாமல் மாதக்கணக்கில் காகித மடிப்பில் கிடந்துவிட்டு, ஒரு துளி நீர் பட்டதும் எழுந்து உலாவுகிற வஸ்துவை, நடுவே கிடந்த அந்தக் காலத்தில் ஜீவன் என்பதா, ஜடம் என்பதா? பீலித் தூசி எழுப்பிய இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் ஐரோப்பா இருநூற்றைம்பது ஆண்டுகளைச் செலவிட்டது.

1743-இல் நீடம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், நோய் கண்டு கறுத்த கோதுமை மணியைப் பிளந்து, உள்ளே வெண்ணிற நார்போல் இருந்ததை நனைத்தபோது, அந்த நார்கள் நூற்புழுக்களாகி நெளியக் கண்டார். கண்டவர் பிற்பாடு தாமே சந்தேகப்பட்டு, அவை பிராணிகள் அல்ல என்று பின்வாங்கினார். பேக்கர் என்பவரோ அந்த மணிகளில் சிலவற்றை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, 27 ஆண்டுகள் கழித்து, 1771-இல் நனைத்துப் புழுக்களை எழுப்பினார். ஒரு சோதனையைத் தொடங்கி வைத்துவிட்டு அதன் முடிவுக்காக ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு காத்திருக்கும் பொறுமையை எண்ணும்போது எனக்கு வியப்புத்தான் மேலிடுகிறது.

இத்தாலியில் பாவியா சர்வகலாசாலைப் பேராசிரியராக இருந்த ஸ்பல்லன்ஸானியும் பாதிரியார்தான். நீடத்தின் புழுக்களை முதலில் மறுத்து, பிறகு தம் பிழையை ஒப்புக்கொண்டு, 1776-இல் வெளியிட்ட நூலில், செத்துப் பிழைக்கும் பிராணிகள் என்று ஒரு பகுதியையே அவர் எழுதினார். அதே ரோட்டிஃபர்களைப் பதினொரு தடவை உலர்த்திப் பதினொரு தடவை எழுப்பினார். ஒவ்வொரு தடவையும் எழுந்தவற்றின் தொகை குறைந்துகொண்டே வந்தது. வெறுங்கண்ணாடியின்மேல் உலர்ந்தவை பிழைப்பதில்லை, மணலோடு கலந்து மெல்ல உலர்ந்தவையே பிழைக்கின்றன என்பதையும் அவர் கண்டார். எட்டுக் கால்களோடு பாசியில் தள்ளாடி நடக்கும் இன்னொரு பிராணிக்கு, மெதுவாக நடப்பது என்ற பொருளில் டார்டிகிரேடு என்ற பெயரைத் தந்தவரும் அவரே. ஜெர்மனியில் கோட்ஸே என்ற பாதிரியார் அதற்கு மூன்று ஆண்டு முன்னரே நீர்க்கரடி என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்; அந்தப் பெயரும் இன்று நிலைத்திருக்கிறது. உலர்ந்து கிடக்கும்போது இவற்றின் ஆத்மா எங்கே போகிறது என்ற ஐயம் ஸ்பல்லன்ஸானிக்கு எழ, அவர் அதைப் பிரெஞ்சு ஞானி வால்தேருக்கே எழுதிக் கேட்டார். பாதிரியாருக்கு வந்த ஆத்ம சந்தேகத்தைத் தீர்க்க நாஸ்திகர் என்று பேர் வாங்கியவரிடம் போனது வேடிக்கைதான்.

வழக்கு உச்சத்துக்கு வந்தது 1859-இல், பாரிஸ் நகரில். ஒரு பக்கத்தில் டோயேர். நீர்க்கரடிகளை முற்றும் உலர்த்தி, நீர் கொதிக்கும் உஷ்ணத்துக்கும் மேலே சூடாக்கியும் அவை பிழைத்தன என்று 1842-லேயே எழுதியவர். எதிர்ப்பக்கத்தில் ரூவான் நகரத்துக் காட்சிசாலையின் தலைவரான பூஷே; மெய்யாகவே உலர்ந்தது மெய்யாகவே செத்தது, பிழைப்பதெல்லாம் ஈரம் ஒட்டிக்கொண்டிருந்தவையே என்றவர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வைக்கோல் ஊறலில் ஜீவன்கள் தாமாகவே உற்பத்தியாகின்றன என்று சாதித்து, பாஸ்டரோடு பெரும்போர் நடத்தியவரும் இந்தப் பூஷேதான். உயிரற்றதிலிருந்து உயிர் பிறக்கும் என்று சொன்னவர், உலர்ந்த உயிர் மீண்டும் எழும் என்பதை மட்டும் ஏன் அவ்வளவு ஆவேசமாக மறுத்தார்? உலர்ந்த கிருமிகள் தூசியாக எங்கும் கிடக்கின்றன, சூட்டையும் தாங்குகின்றன என்று ஒப்புக்கொண்டால், அவர் சுடவைத்த வைக்கோலில் பிறந்த ஜீவன்கள் முன்பே அதில் ஒளிந்திருந்தவை என்று ஆகிவிடும். அவருடைய சித்தாந்தமே சரிந்துவிடும். ஒரு துளி வண்டலின் வழக்கில் இவ்வளவு பெரிய சொத்து அடங்கியிருந்தது.

இரு கட்சியாரும் சேர்ந்து, பாரிஸ் ஜீவசாஸ்திர சங்கத்தாரையே தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். சங்கம் ஒரு குழுவை அமைத்து, பால் ப்ரோகா என்ற வைத்தியரிடம் அறிக்கை எழுதும் பொறுப்பை ஒப்படைத்தது. மூளையில் பேச்சுக்கு உரிய இடம் எது என்பதை 1861-இல் காட்டிக் கீர்த்தி பெற்ற ப்ரோகாவேதான். குழுவினர் ரோட்டிஃபர்கள் அடங்கிய பாசியைக் காற்று நீக்கிய பாத்திரத்துக்குள் 82 நாள் உலர வைத்தார்கள். அதன் பிறகு 100 டிகிரி உஷ்ணத்தில் அரை மணி நேரம் வைத்தார்கள். அதன் பிறகு நீர் வார்த்தார்கள். சில எழுந்தன. மனிதனால் ஆன மட்டும் உலர்த்தப்பட்ட பிராணியும் பிழைக்கிறது என்று 1860-இல் வந்த அறிக்கை சொல்லிற்று. எவ்வளவுக்கு நன்றாக உலர்கிறதோ அவ்வளவுக்கு அதிகச் சூட்டைத் தாங்குகிறது என்றும் கூறிற்று. ஆனால் உலர்ந்திருந்தபோது அதற்குள் உயிர் மிகமிகச் சன்னமாக ஓடிக்கொண்டிருந்ததா, அல்லது அறவே நின்று மறுபடி தொடங்கிற்றா என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. நல்ல நீதிபதிகள், சாட்சியம் இல்லாத இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

பிரெஞ்சு ஜீவசாஸ்திரி கிளாட் பெர்னார்ட் 1878-இல் வெளிவந்த தம் விரிவுரைகளில் ஜீவனை மூன்று நிலைகளாக வகுத்து, அவற்றுள் ஒன்றுக்கு மறைந்த ஜீவன் என்று பெயரிட்டபோது, விதையைத்தான் முதன்மையான உதாரணமாக எடுத்துக்கொண்டார். வைக்கோற்புரி சுற்றி விதைக்கோட்டை கட்டிப் பரணில் ஏற்றிவைக்கும் நம் குடியானவனுக்கு இந்தச் சாஸ்திரம் புதிதல்ல. ஆனால் கோட்டைக்குள் நெல் மூச்சு விடுகிறதா என்று அவன் கேட்பதில்லை, முளைக்குமா என்றுதான் கேட்பான்.

மூச்சை அறவே நிறுத்திப் பார்க்கும் வழி 1908-க்குப் பிறகு திறந்தது. டெல்ஃப்டுக்கு அருகே உள்ள லைடன் நகரில் ஹீலியம் வாயுவை அந்த ஆண்டில் திரவமாக்கினார்கள். ராம் என்ற ஜெர்மானியத் துறவி, 1920-களில், உலர்ந்த நீர்க்கரடிகளை அங்கே கொண்டுபோய், பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 270 டிகிரிக் குளிரில் சில மணி நேரம் வைத்து, பிறகு எழுப்பினார். அந்தக் குளிரில் உடலுக்குள் எந்த ரசாயன மாறுதலும் நடைபெற வழியில்லை. ஆகவே ப்ரோகா விட்டுவைத்த கேள்விக்கு விடை கிடைத்ததென்றே சொல்ல வேண்டும்: ஓட்டம் நிற்கிறது, நின்றும் போகாமல் எதுவோ இருக்கிறது.

அந்த எதுவோ இன்னது என்று துணிந்து சொன்னவர், மாஸ்கோவில் பிறந்து கேம்பிரிட்ஜில் வாழ்ந்த டேவிட் கைலின். உயிரணுக்கள் மூச்சுவிடும் முறையை ஆராய்ந்து, சைட்டோகுரோம் என்ற பொருளை 1925-இல் உலகுக்குக் காட்டியவர் அவர். மூச்சையே ஆயுள் முழுதும் ஆராய்ந்தவர், 1958-இல் லீவன்ஹூக்கின் பெயரால் ராயல் சொஸைட்டி நடத்தும் சொற்பொழிவில், மூச்சில்லாத ஜீவனைப் பற்றிப் பேசி, மறைந்திருக்கும் ஜீவன் என்ற பொருளில் கிரிப்டோபயோசிஸ் என்ற பெயரையும் அதற்குச் சூட்டினார். இந்த நிலையில் உயிர் என்பதற்கு அமைப்பு என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை என்பது அவருடைய முடிவு. அணுக்களும் அவற்றின் உறுப்புகளும் அடுக்கிய அடுக்குக் கலையாமல் இருக்கும் வரை அது பிழைக்கும்; அடுக்குக் கலைந்தால், நீரை எவ்வளவு வார்த்தாலும் அது வெறும் மண்தான். மணலோடு மெல்ல உலர்ந்தவை மட்டும் ஸ்பல்லன்ஸானியின் கையில் ஏன் பிழைத்தன என்பதும் இப்போது ஒருவாறு விளங்குகிறது: அவசரமாக உலர்ந்தவை உருண்டையாகச் சுருங்குவதற்குள்ளே குலைந்துபோயின.

பிற்காலத்துச் செய்திகள் பல. அவற்றில் மிகையும் உண்டு. காட்சிசாலையில் 120 ஆண்டுகள் கிடந்த பாசியிலிருந்து நீர்க்கரடி எழுந்தது என்று புத்தகங்கள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. இத்தாலியில் 1948-இல் உண்மையாகக் கண்டது ஒரு பிராணியின் முன்காலில் ஒரு நடுக்கம் மட்டுமே. அண்டார்டிகாவில் 1983-இல் எடுத்து உறைய வைத்த பாசியிலிருந்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானில் எழுந்த நீர்க்கரடியோ முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது; எனக்கு இந்தச் சாட்சியம் போதும்.

இத்தனையும் படித்திருந்தும், இந்த அதிசயத்தை நான் கண்ணால் கண்டது மரக்காணத்தை அடுத்த கடற்கரையில், ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில்தான். அமெரிக்காவின் பெரிய உப்பேரியில் பழுப்புப் படலமாக மிதக்கும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிரின் கருக்களை வாரி, உலர்த்தி, தகர டப்பாவில் அடைத்து உலகெங்கும் விற்கிறார்கள். தூத்துக்குடி உப்பளங்களிலும் இந்தப் பிராணி உண்டு. ட்ரெஹலோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரை, நீர் வெளியேறிய இடத்தில் புகுந்து நின்று, உள்ளே உள்ள அடுக்கைக் கலையாமல் காக்கிறதாம். டப்பாவைத் திறந்தால் காப்பித்தூள் போல இருந்தது. ஒரு கிராமில் இரண்டு மூன்று லட்சம் கருக்கள். மாலையில் கூம்பு வடிவத் தொட்டியில் உப்புநீர் விட்டு, ஒரு கரண்டித் தூளைத் தூவி, மேலே விளக்கைப் போட்டு, அடியிலிருந்து காற்றுக் குமிழ் விட்டார் அங்கிருந்த பையன். மறுநாள் சாயங்காலம் காற்றை நிறுத்தி, தொட்டியின் அடியில் விளக்கைப் பிடித்தார். காலியான ஓடுகள் மேலே மிதந்தன. கீழே வெளிச்சத்தை நோக்கி ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் இறங்கி மொய்த்தது.

“எல்லாம் பொரிஞ்சிடுமா தம்பி?” என்றேன்.

“டப்பாவுல தொண்ணூறு பர்சன்ட்னு போட்டிருக்கான் சார். எந்தத் தொண்ணூறுன்னு தண்ணியில போட்டாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, மிச்சத் தூளில் கடற்காற்றின் ஈரம் படாதபடி டப்பாவின் மூடியை அழுத்தி மூடி, குளிர்பெட்டிக்குள் வைத்தார்.