ரொறன்ரோவில் தொற்றுநோய்க் கண்காணிப்பு: சார்ஸ் தந்த பாடம்

ரொறன்ரோவின் கிழக்கே, எம்மவர் பலர் வாழும் ஸ்காபரோவில்தான் 2003 இல் சார்ஸ் நோய் முதலில் பரவியது. ஒரு நகரம் தொற்றுநோயை எப்படிக் கண்காணிக்கிறது, எங்கே தவறவிடுகிறது என்பதை அதிலிருந்து அறியலாம்.

அவ்வாண்டு பெப்ரவரி 23 அன்று ஹொங்கொங்கிலிருந்து திரும்பிய ஒரு மூதாட்டி மார்ச் 5 இல் வீட்டிலேயே இறந்தார். மாரடைப்பு என்று பதிவானது. இரண்டு நாட்களில் அவருடைய மகன் நோயுடன் வைத்தியசாலைக்குச் சென்றார். கட்டில் கிடைக்கும்வரை அவசர சிகிச்சைப் பிரிவில் மற்ற நோயாளருடன் ஓர் இரவு கழிந்தது. முதலில் காசநோய் என்றே சந்தேகித்தார்கள். மார்ச் 13 இல் அவரும் இறந்தார். அதற்குள் அருகிலிருந்த நோயாளருக்கும், அவர்கள் மூலம் குடும்பத்தினருக்கும் தாதியருக்கும் தொற்றிவிட்டது. முடிவில் ஒன்ராறியோவில் 375 பேர் பாதிக்கப்பட்டு, 44 பேர் உயிரிழந்தனர்.

தடுப்பூசி இருக்கவில்லை. நோயாளரைத் தனிமைப்படுத்தினார்கள். அவர்களுடன் பழகியவர்களைத் தேடிப் பிடித்து, 10 நாட்கள் வீட்டிலிருந்து தினம் இருமுறை உடல் வெப்பத்தை அளக்கச் சொன்னார்கள். இப்படி 20,000 இற்கும் அதிகமானோர் வீட்டிலிருந்தனர்.

கணக்காளனான எனக்கு இது பேரேடு எழுதுவது போன்றது. நோய் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போயிருக்கலாம் என இரு பக்கமும் எழுதவேண்டும். ஒரு நோயாளிக்கு எங்கிருந்து தொற்றியது என்று தெரியாவிட்டால், பதிவில் வராத இன்னொருவர் எங்கோ இருக்கிறார். அன்று ரொறன்ரோ சுகாதாரப் பகுதியினரிடம் இந்த வேலைக்கேற்ற கணினி முறை இல்லை. காகிதக் கோப்புகளிலும் வர்ணத் துண்டுகளிலும் எழுதி ஒட்டினார்கள். மே 17 இல் அவசரகால நிலை நீக்கப்பட்டது. ஆனால் வேறொரு வைத்தியசாலையில் கண்டறியப்படாத நோயாளர் இருந்தனர். ஒரு வாரத்துக்குள் இரண்டாவது அலை வெளிப்பட்டது.

ஊரில் வைத்தியர் அறிவித்ததும் பி.எச்.ஐ. வீடு தேடி வருவார். இங்கும் காசநோய், சின்னமுத்து போன்றவற்றை வைத்தியர் கட்டாயம் அறிவிக்கவேண்டும். பிறகு சுகாதாரத் தாதி தொலைபேசியில் அழைத்து, யார் யாருடன் பழகினீர்கள் என்று கேட்பார்.

இங்கேதான் எங்களுக்குச் சிக்கல். பட்டியலில் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்று கண்டுவந்த சனம் நாங்கள். கேள்வி கேட்டாலே வாயை மூடிக்கொள்கிறோம். ஆனால் இந்தப் பட்டியல் ஆளைப் பிடிக்க அல்ல, நோயைப் பிடிக்க. பழகியவர்களிடம் நோயாளியின் பெயரைச் சொல்வதில்லை. ஒன்ராறியோவில் சுகாதார அட்டை இல்லாதவருக்கும் காசநோய்ப் பரிசோதனையையும் சிகிச்சையையும் இலவசமாகப் பெற வழி உண்டு.

ஆகவே அழைப்பு வந்தால் மறைக்காதீர்கள். வீட்டுக்கு வந்துபோன மாமியையும், கோயிலில் பக்கத்தில் இருந்த பிள்ளையையும் சொல்லுங்கள். நாம் சொல்லாமல் விடும் பெயருக்குரியவர் சிகிச்சை இல்லாமல் இருந்துவிடுவார்.